காலிக் கட்டிலைத் தேடாதீர்கள்



இன்று சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெறும் பிள்ளைகளே, உங்களில் சிலர் குழந்தைகள் பாதுகாப்புப் பணிக்கு வருவீர்கள். ஒருநாள் இரவு பத்து மணிக்குத் தொலைபேசி அடிக்கும். அடிபட்ட குழந்தை ஒன்று, அல்லது பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட குழந்தை ஒன்று காத்திருக்கும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அந்த அவசரத்தில் எல்லோர் வாயிலும் வரும் கேள்வி ஒன்றுதான்: "எந்த ஹோம்ல இடம் இருக்கு?"

நானும் அப்படிக் கேட்டவள். பணியில் சேர்ந்த புதிதில் ஏழு வயது அக்காவும் நான்கு வயதுத் தம்பியும் வந்தார்கள். ஆண் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம், பெண் பிள்ளைகளுக்கு வேறோர் இல்லம். இரண்டிலும் இடம் இருந்தது, பிரித்து அனுப்பினோம். முதுகில் தட்டிக்கொடுத்தால்தான் தம்பி தூங்குவான் என்று அந்தச் சிறுமி என்னிடம் சொன்னாள். நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. பத்து நாள் கழித்துப் போனபோது பையன் பேச்சையே நிறுத்தியிருந்தான். "அடம் பிடிக்கிறான்" என்றார்கள். அடமா அது? அவனுக்கு மிச்சமிருந்த ஒரே கையையும் நாங்கள் பறித்திருந்தோம்.

இல்லம் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடு. வளர்ப்புக் குடும்பத்தில் விடும்போது உடன்பிறந்தவர்களைச் சேர்த்தே வைக்க எல்லா முயற்சியும் எடுக்கச் சொல்கிறது அதே சட்டம். காரணம் இருக்கிறது. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாக. காப்பகங்களிலும் சோறும் துணியும் இருந்தன. நேற்று தூக்கிய அதே கை இன்றும் தூக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் குழந்தையின் நிலை பற்றிய சமூக விசாரணை அறிக்கையைப் படிவம் நிரப்புவதுபோல எழுதாதீர்கள். குழந்தை எதற்குப் பயப்படுகிறது, இருட்டுக்கா, ஆண்குரலுக்கா, கதவுத் தாழ்ப்பாளுக்கா? யார் பெயரைச் சொன்னால் முகம் மாறுகிறது? அது தெரியாமல் எந்த வீடு பொருந்தும் என்று எப்படிச் சொல்வீர்கள்?

அந்தச் சிறுமி தன் ஊர்த் திருவிழாவைப் பற்றி ஓயாமல் பேசுவாள். அதைப் பிடித்துக்கொண்டு போனதில் அவர்கள் சித்தி கிடைத்தார். கூலிவேலை, மனம் இருந்தது, வசதி இல்லை. அரசின் நிதி ஆதரவுக்கு எழுதி வாங்கி, இருவரையும் அவரிடமே சேர்த்தோம். இன்று மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அந்த நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். பையன் வாசலில் பேசி விளையாடிக்கொண்டிருந்தான். எங்கள் ஜீப்பைக் கண்டதும் பேச்சு நின்றது. ஓடிப்போய் அக்காவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். நான் ஜீப்பைத் தெருமுனைக்கு அனுப்பிவிட்டு, நடந்தே அந்த வீட்டுக்குப் போனேன்.