ஏட்டுச் சுரைக்காயும் தரவுக் கிடங்கும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். கணிப்பொறித் துறையில் இந்தப் பழமொழியை நாள்தோறும் கேட்கலாம். ‘நூலைப் படித்து என்ன ஆகப் போகிறது? கருவியைக் கையில் எடு. வேலை தானே வரும்’ என்பார் பலர். தரவு ஒருங்கிணைப்பு என்னும் தொழிலைப் பெரும்பாலும் நூல்களைக் கொண்டே கற்றவன் நான். நூல் எனக்கு எங்கே கை கொடுத்தது, நான் எங்கே நூலைக் கைவிட்டேன் என்ற இரண்டையும் இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் அந்தத் தொழில் யாது என்று பார்ப்போம். ஒரு பெரிய மருத்துவமனையை எண்ணிக்கொள்ளுங்கள். நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் இடத்தில் ஒரு பதிவு இருக்கும், மருந்தகத்தில் ஒன்று, இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மற்றொன்று. ஓரிடத்தில் பெயருக்கு முன்னே முன்னெழுத்தை எழுதுவார்கள். மற்றோரிடத்தில் பின்னே எழுதுவார்கள். 3-4 என்று குறித்த தேதியை நாம் ஏப்ரல் மூன்றாம் நாள் என்று படிப்போம். அமெரிக்கர் மார்ச்சு நான்காம் நாள் என்று படிப்பர். இந்தப் பதிவுகளிலிருந்து ஒரு மனிதரின் முழு வரலாற்றை ஓரிடத்தில் சேர்ப்பதே நாம் பேசும் வேலை. மூலத்திலிருந்து எடுத்தல், ஒழுங்கு செய்து மாற்றுதல், பொதுக் கிடங்கில் ஏற்றுதல் என்று அதில் மூன்று படிகள் உண்டு. ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கூட்டி இதனை ஈ.டி.எல். என்று வழங்குவர்.

கேட்பதற்கு இது எழுத்தர் வேலை போலத் தோன்றும். இதில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. செவ்வாய்க் கோளின் தட்பவெப்பத்தை ஆராய அமெரிக்கா அனுப்பிய கலம் ஒன்று 1999 செப்டம்பர் 23-ஆம் நாள் அக்கோளை அடைந்த வேளையில் அழிந்துபோயிற்று. தரையிலிருந்த ஒரு நிரல், கலத்தின் உந்துதலைப் பவுண்டு அளவையில் எழுதிக் கொடுத்தது. அதை வாங்கிக்கொண்ட நிரலோ நியூட்டன் அளவை என்று கொண்டது. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 4.45 மடங்கு வேற்றுமை. 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்ல வேண்டிய கலம் 57 கிலோமீட்டர் அளவுக்குத் தாழ்ந்துவிட்டது. கணக்கில் தவறில்லை, கருவியிலும் பழுதில்லை. ஒரு கை கொடுத்த எண்ணை மற்றொரு கை வேறு பொருளில் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

இத்தொழிலைக் கற்பிக்கும் நூல்களை இருவகையாகப் பிரிக்கலாம். ஒரு வகை, குறிப்பிட்ட ஒரு கருவியை இயக்கக் கற்றுத் தருவது. அதன் ஆயுள் அந்தக் கருவியின் பதிப்பு மாறும் வரையில்தான். மற்றொரு வகை, கருவி எதுவாயினும் நிற்கும் நெறிகளைக் கூறுவது. கற்பவர் இரண்டாம் வகையில் தொடங்குவதே நலம்.

அவ்வகையில் பில் இன்மன் என்பவர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுதிய தரவுக் கிடங்கு நூல் முன்னோடி. ரால்ஃப் கிம்பால் 1996-இல் மற்றொரு நூல் எழுதினார். நிறுவனம் முழுமைக்கும் பொதுவான ஒரு கிடங்கை முதலில் கட்டுக என்பது இன்மன் வழி. ஒவ்வொரு தொழிற்பகுதியாகக் கட்டி, அவற்றைப் பொதுவான அளவைகளால் இணைத்துச் செல்க என்பது கிம்பால் வழி. இருவரையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது. இரு பெரியவர்கள் மாறுபடும் இடத்தில்தான் கற்பவனின் சொந்த அறிவு விழித்துக்கொள்கிறது.

கிம்பாலும் ஜோ காசெர்ட்டாவும் சேர்ந்து 2004-இல் எழுதிய ஈ.டி.எல். நூலே எனக்கு ஆசானாக அமைந்தது. எடுத்தல், தூய்மை செய்தல், பொதுமைப்படுத்தல், வழங்கல் என்று அதில் வேலையை நான்காக வகுத்திருக்கிறார்கள். தரவுக் கிடங்கு அமைத்துப் பேணும் உழைப்பிலும் செலவிலும் நூற்றுக்கு எழுபது பங்கை இந்த வேலையே விழுங்கிவிடும் என்றும் எச்சரிக்கிறார்கள்.

கிம்பால் நூல்களில் நான் மறவாத பாடம் ஒன்று. மதுரையில் வாழ்ந்த ஒருவர் சேலத்திற்குக் குடிபெயர்கிறார். பழைய முகவரியை அழித்துப் புதியதை எழுதுவதா, பழையதை வைத்துக்கொண்டு புதிய வரி ஒன்றைச் சேர்ப்பதா? அழித்து எழுதினால், சென்ற ஆண்டு மதுரையில் அவருக்கு வந்த காய்ச்சல் இவ்வாண்டுக் கணக்கில் சேலத்துக் காய்ச்சலாகிவிடும். கணக்குப் பார்ப்பவர் சேலத்திற்கு மருந்தை அனுப்புவார். மெல்ல மாறும் பண்புகள் என்ற தலைப்பில் இச்சிக்கலை அவர் விளக்கும் பக்கங்களைப் படித்த பிறகு, எதையும் அழித்து எழுதுமுன் என் கை தயங்கும்.

இனி, நான் தவறிய இடத்தைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், உதவித்தொகை பெறுவோரின் இரண்டு பட்டியல்களை ஒன்றாக்கும் பணி எனக்கு வந்தது. இரட்டைப் பதிவுகளை நீக்கும் முறையை நூலில் ஆர்வத்துடன் படித்திருந்தேன். பெயரும் முன்னெழுத்தும் பிறந்த நாளும் ஒத்தால் ஒருவரே என்று விதி எழுதினேன். விதி விரைவாக ஓடியது, பட்டியல் அழகாகச் சுருங்கியது, பாராட்டும் கிடைத்தது. மூன்று மாதம் கழித்து ஒரு முதிய அம்மையார் வங்கிப் புத்தகத்தைக் கையில் ஏந்தி வந்து நின்றார். அவருக்குப் பணம் வரவில்லை. அதே பெயரும் அதே முன்னெழுத்தும் கொண்ட மற்றோர் அம்மையார் வேறோர் ஊரில் இருந்தார். பிறந்த நாள் அறியாதவர்களுக்கு எழுத்தர்கள் ஏதேனும் ஒரு மாதத்தின் முதல் நாளை எழுதிவிடுவது வழக்கம். அதனால் பிறந்த நாளும் ஒத்துப்போயிற்று. இரண்டு உயிர்களை என் விதி ஒன்றாக்கிவிட்டது.

அன்றிரவு நூலை மீண்டும் திறந்தேன். ஐயத்திற்குரிய வரிகளைத் தனியே ஒதுக்கி, மனிதர் ஒருவர் கண்ணால் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும் என்ற அறிவுரை அதில் இருந்தது. பிழைப் பதிவு, தணிக்கை என்ற தலைப்புகளைக் கண்டு, சுவையற்ற பகுதி என்று நான் தாண்டிச் சென்ற பக்கங்கள் அவை. நூல் என்னைக் கைவிடவில்லை. நான்தான் நூலைக் கைவிட்டேன்.

மூலம் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு படி எடுத்து வைத்திருந்ததனால்தான் அந்த அம்மையாரின் வரியை மீட்க முடிந்தது. இதுவும் நமக்குப் புதிய நெறியன்று. சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தவர். ஒரு பாடத்தைக் கொள்ளும்போது மாறுபட்ட பாடத்தையும் குறித்து வைப்பது நல்ல பதிப்பாசிரியரின் பண்பு. மாற்றுபவன் மூலத்தை மறைக்கலாகாது. மார்ட்டின் கிளெப்மன் 2017-இல் எழுதிய நூலும் இதையே சொல்லுகிறது: உள்ளே வரும் தரவை மாற்றாமல் வைத்திருந்தால், பிழையைத் திருத்தி மறுபடியும் முதலிலிருந்து கணக்கிடலாம்.

ஆகவே, இத்தகைய நூலைப் படிக்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். ஓர் அதிகாரம் முடிந்ததும் அடுத்ததற்கு ஓடாதீர்கள். நூலில் உள்ள தரவு கழுவித் துடைத்த தரவு. உங்கள் ஊரின் அழுக்குப் படிந்த பட்டியல் ஒன்றை எடுத்து அந்த முறையைச் செய்து பாருங்கள். செய்ததை வேண்டுமென்றே கெடுத்தும் பாருங்கள். ஏற்றும் வேலையைப் பாதியில் நிறுத்துங்கள், மீண்டும் தொடங்குங்கள். ஒரே நாளின் தரவை இருமுறை ஏற்றுங்கள். கிடங்கில் தொகை இரட்டித்தால் உங்கள் நிரல் இன்னும் முதிரவில்லை என்று பொருள். எடுத்த வரிகள் எத்தனை, ஏற்றியவை எத்தனை, ஒதுக்கியவை எத்தனை என்று எழுதி, மூன்றும் இசைகின்றனவா என்று பாருங்கள். முக்கியமாக, சுவையற்றது என்று தோன்றும் அதிகாரத்தை இருமுறை படியுங்கள். பிறர் பட்ட அடியின் தழும்புகள் அங்கேதான் இருக்கும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மைதான். ஆனால் விதையை எப்போது ஊன்றுவது, கொடிக்கு எங்கே பந்தல் போடுவது என்பதை ஏடு சொல்லும். அதைக் கேட்டுத் தோட்டத்தில் இறங்குவது நம் பொறுப்பு. அந்த அம்மையாருக்குப் பின்னர் நிலுவைத் தொகை முழுவதும் கிடைத்தது. எனினும், மூன்று மாதம் அவர் எப்படிச் சமாளித்தார் என்று கேட்கும் துணிவு எனக்கு அன்று இல்லை. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு மனிதர் நிற்கிறார் என்று நினைத்துப் படிப்பவருக்கு நூலில் வீண் பக்கம் என்று ஒன்றும் இராது.