கற்பனை வண்டிக்கும் அச்சு வேண்டும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேடையில் பேசச் சொன்னால் எனக்குக் கை நடுங்கும். படம் வரையச் சொன்னால் நடுங்காது. அதனால் படத்தைப் பற்றியே பேசுகிறேன்.

மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, பறக்கும் ஷேர் ஆட்டோ ஒன்று வரைந்தேன். உத்திரமேரூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, எஞ்சின் எங்க இருக்கு? டிரைவர் எந்தப் பக்கமா ஏறுவான்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பதில் நம் ஊர்ப் பக்கத்திலேயே இருந்தது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பிரம்மோற்சவத்தில் யாளி வாகனம் புறப்படும். யாளியை யாரும் பார்த்ததில்லை. ஆனால் சிங்கத்தின் உடலையும் யானையின் துதிக்கையையும் நாம் அறிவோம். தெரிந்ததை வைத்தே தெரியாததை நம்பவைக்கிறார் சிற்பி. மேலே கற்பனை, அடியிலோ தோள் கொடுத்துத் தூக்கும் உண்மையான தண்டு. பாரம் எங்கே இறங்கும் என்று கணக்குப் போடாமல் அந்த வாகனத்தைச் செய்ய முடியுமா?

2024-இல் வந்த 'கல்கி 2898 ஏ.டி.' படத்தின் 'புஜ்ஜி' காரைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நம்ம ஆட்டோவைத் திருப்பிப் போட்ட மாதிரி! சுமார் 6 டன் எடையுள்ள அதை உண்மையிலேயே ஓடும்படி கட்டினார்கள். மஹிந்திரா ரிசர்ச் வேலியும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் அதற்குக் கைகொடுத்தன. ஓடுவது மின் மோட்டாரில். மெக்கானிக் அண்ணன் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் இருந்தது.

வரைய விரும்பும் தம்பி தங்கைகளுக்கு மூன்றே விஷயம். முதலில் நிஜ வண்டி ஒன்றைப் பத்து முறை வரையுங்கள். பிறகு அதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கதவும் சீட்டும் மனுஷன் அளவிலேயே இருக்கட்டும். வண்ணம் தீட்டும்போது மேல்பாகத்தில் வானத்தின் நிறமும், அடிப்பாகத்தில் மண்ணின் நிறமும் கொஞ்சம் சேரட்டும். டயர் தரையைத் தொடும் இடத்தில் நிழல் அழுத்தமாக விழட்டும். மட்கார்டில் புழுதி வையுங்கள். புதுசாகப் பளபளத்தால் பொம்மையாகிவிடும்.

முதல் வேலையில் ஒரு மேலாளர், "படம் வரையவா சம்பளம்?" என்று கேட்டார். மூன்று வருஷம் பென்சிலைத் தொடவில்லை. அது அவர் தப்பு இல்லை, என் கோழைத்தனம். அந்த மூன்று வருஷம் திரும்பி வரவில்லை. நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள்.

போன வருஷம் அதே ஆட்டோவைப் புதிதாக வரைந்து அண்ணனிடம் கொண்டுபோனேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "பின் டயர் சின்னதா இருக்கே தம்பி. கீழ எறங்கும்போது வெயிட்டு தாங்காதே!" என்றார்.

படம் என்பதையே மறந்து, வண்டியாகப் பார்த்துக் குறை சொன்னார். எனக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடைத்ததில்லை.