தெருக்காமிராவும் நம் பொறுப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளும் நான், புலவர் பெருமக்கள் பேசிய இம்மேடையில் பேசத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றே. நம் குடியிருப்பின் தெருமுனைகள் நான்கிலும் கண்காணிப்புக் காமிரா வைப்பது பற்றி அடுத்த பொதுக்குழுவில் முடிவு செய்யவிருக்கிறோம். பணம் கொடுக்கு முன்னர் அப்பொருளின் நன்மை தீமைகளை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இந்நகர் காமிராவை நாடியதற்குக் காரணம் உண்டு. 2007 ஆகஸ்டு 25-ஆம் நாள் லும்பினிப் பூங்காவிலும் கோட்டி கோகுல் சாட் கடையிலும் குண்டுகள் வெடித்தன. 2013 பிப்ரவரி 21-ஆம் நாள் தில்சுக்நகரில் மீண்டும் வெடித்தன. அவ்விரு நாள்களிலும் வெளியே சென்ற பிள்ளைகள் திரும்பும் வரை வாயிலில் நின்ற தாய்மார்கள் இந்த அவையிலும் இருப்பார்கள். 2013-இலேயே பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. ஒரே வேளையில் 100 பேரோ, ஒரு நாளில் 500 பேரோ கூடக்கூடிய நிலையங்கள் காமிரா பொருத்துதல் வேண்டும். பதிவுகளை 30 நாள் காத்து வைத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. பின்னர்க் காவல்துறையினர் ‘நேனு சைதம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினர். ‘நானும் கூட’ என்பது அதன் பொருள். குடியிருப்போரும் வணிகரும் தாமே பணம் திரட்டிக் காமிரா வைக்கும் திட்டம் அது. 2022 ஆகஸ்டு 4-ஆம் நாள் பஞ்சாரா ஹில்ஸில் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையமும் திறக்கப்பெற்றது.

இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று 2020-ஆம் ஆண்டளவில் உலக நகரங்களைக் கணக்கிட்டபோது, சதுர கிலோமீட்டருக்கு 657 காமிராக்களோடு சென்னை முதலிடத்திலும், 480 காமிராக்களோடு ஐதராபாத் இரண்டாம் இடத்திலும் நின்றன. பிறந்த நாட்டின் தலைநகர் முதலாவது; பிழைக்க வந்த நகர் இரண்டாவது! ஆகவே இப்பொருள் நமக்கு இருமடங்கு உரியது.

காமிராவினால் பயன் உண்டா எனின், உண்டு. 2016 சூன் 24-ஆம் நாள் காலை, நுங்கம்பாக்கம் இரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்த ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்நிலையத்தில் அன்று ஒரு காமிராவும் இல்லை. அக்கம்பக்கத்துத் தெருக்களில் பிறர் வைத்திருந்த காமிராக்களே காவலர்க்குத் துப்பு அளித்தன. இரயில்வேயில் ஊழியம் செய்யும் என் போன்றோர் அச்செய்தியைத் தலைகுனிந்தே படித்தோம். அதன் பின் நிலையங்கள் பலவற்றில் காமிராக்கள் வந்துள்ளன. நம் அருகே 2025 சனவரியில் திறக்கப்பெற்ற செர்லபள்ளி முனையத்துக்கு நள்ளிரவில் செல்லும் பெண்மக்களுக்கு அவை ஓரளவு துணையே.

ஆனால், ‘ஓரளவு’ என்ற சொல்லை அழுத்திச் சொல்லுகிறேன். இங்கிலாந்தில் போர்ன்மவுத் என்னும் கடற்கரை நகரம் 1985-இலேயே பொது இடத்தில் காமிரா வைத்தது. அதன்பின் அந்நாட்டின் கடைவீதிகளெல்லாம் அதனைப் பின்பற்றின. இத்தகைய நகரங்களில் 40 ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் அறிஞர் சிலர் முடிவு வெளியிட்டனர். காமிரா உள்ள இடங்களில் குற்றம் சுமார் 13 விழுக்காடு குறைந்தது என்றும், வாகனங்கள் நிறுத்துமிடங்களிலேயே பயன் மிகுதி என்றும், அடிதடி போன்ற வன்செயல்களில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை என்றும் கூறினர். காமிரா திருடனைத் தயங்கச் செய்யும்; கோபத்தில் மதியிழந்தவனைத் தடுக்காது. ஆகவே அதனை வைத்துவிட்டுக் கதவைத் தாழிடாமல் உறங்கலாம் என எண்ணுதல் பேதைமை.

இனி, நான் பேச வந்த செய்திக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை நம் தெருவில் ஒரு வீட்டார் பிற்பகல் 2 மணிக்குப் பூட்டிச் சென்று 5 மணிக்குத் திரும்பினர். புறப்படும்போது அவ்வீட்டு அம்மையார் கழற்றிச் சாளரத்தருகே வைத்த இரண்டு பவுன் சங்கிலியைக் காணவில்லை. தெருமுனைக் கடையில் காமிரா இருந்தது. நாங்கள் ஐந்தாறு பேர் கூடி 2 மணி முதல் 5 மணி வரையிலான பதிவைப் பார்த்தோம். 2.10-க்கு ஓர் இளைஞன் அச்சாளரத்தருகே குனிந்தான்; எழுந்தான்; சென்றான். மல்லாபூர்த் தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்த ஒடிசாக்காரப் பிள்ளை. எங்களுக்கு ஐயமே எழவில்லை. படம் பொய் சொல்லுமா?

அவன் அறைக்குச் சென்று சூழ்ந்து நின்றோம். செருப்பு வார் அறுந்தது. குனிந்து சரி செய்தேன் என்று அரைகுறைத் தெலுங்கில் அழுதான். நான் அவனை அடிக்கவில்லை. ஆனால் அடிக்க ஓங்கிய கையைத் தடுக்கவும் இல்லை. அதற்குள் அவன் படம் கைப்பேசி வழியே எல்லா வீடுகளுக்கும் போய்விட்டது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் பதிவை மீண்டும் பார்த்தேன். அதில் நானே பையுடன் நடந்து வந்தேன், மணி 4.40 எனக் காட்டிற்று. ஆனால் நான் அன்று வீடு சேர்ந்தது 3.50-க்கு. உள்ளே நுழைந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பது என் நெடுநாள் வழக்கம். கைக்கடிகாரத்தோடு காமிரா முன் நின்று சோதித்தேன். அது 50 நிமிடம் முந்தி ஓடியது! அப்படியெனில் அப்பிள்ளை குனிந்தது 1.20-க்கு. அப்போது வீட்டார் வீட்டிலேயே இருந்தனர். சங்கிலி அம்மையாரின் கழுத்தில் இருந்தது. ஆலை வாயிலில் கேட்டேன். உணவு இடைவேளை முடிந்து 1.30-க்கு அவன் திரும்பியதாகப் பதிவேடு சொல்லிற்று.

அன்பர்களே! இரயில்வேயில் நாள்தோறும் மாலை 4 மணிக்கு நிலையங்களுக்கெல்லாம் சரியான நேரம் அறிவிக்கப்படும் என்பது விதி. கடிகாரம் பிழைத்தால் உயிர்கள் போகும் என்பதை உணர்ந்து வகுத்த விதி அது. அவ்விதியின் கீழ் இருபது ஆண்டுகள் ஊழியம் செய்த நான், ஒரு மனிதனின் மானத்தை எடை போடும் வேளையில் கடிகாரம் சரியா என்று கேட்க மறந்தேன். மன்னிப்புக் கேட்கச் சென்றபோது அறை பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். அவன் எங்கே சென்றான் என்பது இன்றளவும் தெரியாது. சங்கிலியும் கிடைக்கவில்லை.

பிழைக்க வந்த ஊரில், ஒரு நகையின் பொருட்டு, விசாரணையின்றி வெட்டுண்டவன் கோவலன். அக்கதையைக் கேட்டுக் கண்ணீர் விடும் நாம், மதுரைக் காவலரின் வேலையைச் செய்யலாமா? நம் பாட்டன்மாரும் மொழி தெரியாமல் செகந்திராபாத்தில் வந்து இறங்கியவர்களே அல்லவா? வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்தே ஏற்க வேண்டும் என்பது அவர் காட்டிய நெறி. காமிராவும் ஓர் ஒற்றனே. அதற்குக் கண் உண்டு, கருத்து இல்லை.

சட்டமும் இதனையே உணர்த்துகிறது. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். முகத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் கருவிகளை இந்நகரக் காவலர் பயன்படுத்துவதை எதிர்த்துத் தெலங்கானா உயர்நீதிமன்றத்திலும் வழக்குத் தொடரப்பட்டது. நம் தெருவில் நாம் வைக்கும் கருவிக்கு நாமே நெறி வகுக்க வேண்டாமா?

ஆதலின், பொதுக்குழுவின் முன் ஐந்து வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, காமிராவுக்கு முன்னர்த் தெருவிளக்கு. இருளில் எடுத்த படம் யார் முகத்துக்கும் பொருந்தும். இரண்டாவது, காமிரா தெருவை மட்டும் நோக்குக. எவர் வீட்டு வாயிலையும் சாளரத்தையும் நோக்க வேண்டா. காமிரா உண்டு என்ற பலகை தெலுங்கிலும் தமிழிலும் இந்தியிலும் இருத்தல் நன்று. மூன்றாவது, பதிவை எவரும் தனியே பார்த்தல் கூடாது. இருவர் சேர்ந்து, காரணத்தை ஏட்டில் எழுதிக் கையொப்பமிட்டுப் பார்த்தல் வேண்டும். நான்காவது, படத்தைக் கைப்பேசியில் பரப்புதல் அறவே கூடாது. ஐயம் இருந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்போம். 30 நாள் கழிந்ததும் அழிந்துவிடட்டும். ஐந்தாவது, நாள்தோறும் மாலை 4 மணிக்குக் காமிராவின் கடிகாரத்தைச் சரிபார்த்தல் வேண்டும். அந்த ஐந்தாவது வேலையை நானே ஏற்கிறேன். பணியில் இருக்கும் நாள்களில் என் மகன் செய்வான்.

இவற்றுக்கு இசைவீர்களாயின், என் பங்கை முதலில் தருபவன் நானே. இசையாவிடின், காமிரா வேண்டாம் என்று கை தூக்குபவனும் நானே.

முன்னாளில் திண்ணையில் அமர்ந்த பாட்டிமார் தெருவைக் காத்தனர். அவர்கள் அயலானைக் கண்டால் முதலில் “யாரப்பா நீ? தண்ணீர் வேண்டுமா?” என்று கேட்டனர். காமிராவால் கேட்க இயலாத அக்கேள்வியை நாம் கேட்போமாக. தெருவைப் பாதுகாப்பதோடு, தெருவில் நடப்பவனின் மானத்தையும் பாதுகாப்போமாக.