மிளகுக்கொடி ஏறும் மரம்

பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

2019-இல் ஆய்வாளர்கள் ஒரு பல்லிக்கு 'ஹெமிபில்லோடாக்டைலஸ் கொல்லியென்சிஸ்' என்று பெயர் சூட்டினார்கள். விரலளவே இருக்கும் அந்த உயிர் நம் கொல்லிமலையின் பெயரைத் தாங்கியிருக்கிறது. சுற்றிலும் வெயில் காயும் சமவெளி, நடுவில் ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுந்த குளிர்ந்த மலை. இறங்கிப் போக வழியின்றி இங்கேயே தங்கிய உயிர்கள் நெடுங்காலத்தில் தனி இனமாகப் பிரிந்துவிடுகின்றன. அப்படிப் பிரிந்த ஒன்றை இங்கே இழந்தால், பக்கத்து மலையிலிருந்து கொண்டுவந்து விட முடியாது.

இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை வீழ்த்தி, கடைசியில் புற்றருகே உடும்பில் தைத்ததாக வன்பரணர் பாடியது புறநானூற்றின் 152-ஆம் பாட்டு. ஆடிப் பதினெட்டு விழாவில் ஓரியின் வீரத்துக்காக அதைச் சொல்கிறோம். நான் அதைப் பழைய விலங்குப் பட்டியலாகவும் வாசிக்கிறேன். அந்த ஐந்தில் யானையும் புலியும் இன்று இந்த மலையில் இல்லை. உடும்பு இருக்கிறது. உடம்புக்கு வலு என்று நம்பி அதைப் பிடித்துத் தின்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வலுவுக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமோ அதைப் புலியோடு சேர்த்து முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. உங்கள் வீட்டு அடுப்பில் அது ஏறாமல் இருக்க, படித்த பிள்ளையின் ஒரு சொல் போதும் என்று நம்புகிறேன்.

கொல்லிமலையில் சரணாலயம் என்ற பலகை இல்லை. காப்புக்காட்டை ஒட்டியே நம் காபியும் மிளகும் அன்னாசியும் மரவள்ளியும் இருக்கின்றன. ஆகவே இங்குள்ள உயிர்களின் பிழைப்பில் பெரும்பகுதி, மிளகுக்கொடியை எந்த மரத்தில் ஏற்றுவது என்று உங்கள் அப்பாவும் அம்மாவும் எடுக்கும் முடிவில் இருக்கிறது.

சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். நேராகவும் வேகமாகவும் வளரும், வெட்டினால் காசு. அதை நட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு நின்ற மரம் அது. ஆனால் அதில் சதைக்கனி இல்லை. பூப் பருவம் முடிந்தால் குக்குறுவானுக்கும் பச்சைப்புறாவுக்கும் மரநாய்க்கும் அதில் தின்ன ஒன்றுமில்லை. அத்தியையும் ஆலையும் இச்சியையும் பாருங்கள். ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு சமயத்தில் பழுக்கும். காட்டில் வேறு பழமே கிடைக்காத நாளிலும் எங்கோ ஓர் அத்தி பழுத்திருக்கும். அதன் பூவில் மகரந்தம் சேர்க்க அதற்கென்றே சிறு குளவி உண்டு. தின்ற பறவையும் வௌவாலும் விதையை மலை முழுக்க இறைக்கின்றன. அந்தப் பழந்தின்னி வௌவாலை எலியோடும் காகத்தோடும் சேர்த்துத் தீங்குயிர் என்று நம் சட்டமே பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்தப் பட்டியலை நீக்கியது.

இருக்கும் சில்வர் ஓக்கை வெட்டச் சொல்லவில்லை. பட்டுப்போன மரத்துக்கு மாற்று நடும்போது பலாவையும் முள்முருங்கையையும் நடுங்கள். மிளகு இவற்றிலும் ஏறும். வரப்பில் தானாக முளைத்த அத்திக்கன்றைப் பிடுங்காமல் விடுங்கள், அதற்குச் செலவே இல்லை.

கோயில் காடுகளில் வெட்டுக்கத்தி கூடாது, செருப்பு கூடாது என்று முன்னோர் வைத்த கட்டுப்பாட்டால் பிழைத்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. கோயிலுக்குக் கான்கிரீட் மண்டபம் கட்டும்போது முதலில் விழுவது அவைதான். நன்கொடை திரட்டும் குழுவில் இளைஞர்களாக நீங்கள் இருப்பீர்கள். மண்டபத்தின் அளவைப் பேசும் அன்றே மரங்களைப் பற்றியும் பேசிவிடுங்கள்.

காட்டுப்பன்றி ஒரே இரவில் மரவள்ளித் தோட்டத்தைக் கிளறிப் போட்டுவிடும். அந்த நட்டம் உண்மை; அதைச் சுமப்பவரிடம் வெறும் அறிவுரை எடுபடாது. ஆனால் வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காயும் சுருக்குக் கம்பியும் பன்றியோடு நிற்பதில்லை. கேளையாடும் மேய்ச்சல் மாடும் வீட்டு நாயும் சிக்குகின்றன. வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சினால் மனிதரே சாகிறார்கள். பயிர்ச்சேதத்துக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. சேதத்தைப் படமெடுத்து, மனு எழுதி, வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து, பணம் கைக்கு வரும்வரை விடாமல் கேட்பது எழுதப் படிக்கத் தெரிந்தவர் செய்யக்கூடிய பெரிய காட்டுயிர்ப் பணி. ஊருக்கு ஒருவர் இதைச் செய்தாலே பல கண்ணிகள் அவிழும்.

மலைச்சாலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் நாட்டுக்குரங்குக்குத் தின்பண்டம் வீசுபவர்களையும் தடுக்க வேண்டும். தீனிக்காகச் சாலையில் காத்திருக்கும் குரங்கு வண்டியில் அடிபடுகிறது. தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் அந்தக் குரங்கு இல்லை.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். அடுத்த கிராம சபையில் எழுந்து அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் தொடங்கச் சொல்லுங்கள். இருந்தால் வாங்கி வாசியுங்கள். உங்கள் பாட்டிக்குத் தெரிந்த மரமும் பறவையும் அதில் விடுபட்டிருந்தால், அவர் அழைக்கும் பெயரிலேயே எழுதிச் சேர்க்கச் செய்யுங்கள்.