எளிய பொருள்களின் எழில்



தாஜ்மகாலைப் படம் எடுத்தவர் பல்லாயிரவர். அப்படங்களுள் பெரும்பாலானவை அழகாகவே இருக்கின்றன. ஆனால் அவ்வழகுக்காக நாம் பாராட்ட வேண்டியவர்கள் அதனைக் கட்டிய கற்றச்சரே அன்றி, காமிராவின் பொத்தானை அழுத்தியவர் அல்லர். குமரிமுனைக் கதிரவனைப் படம் எடுப்போர்க்கும் இது பொருந்தும். சற்றுக் கடுமையான கூற்றுத்தான். ஆயினும் பள்ளியில் புகைப்படக் கழகம் ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

புகைப்படக் கலையைக் கண்டவர்களுள் ஒருவரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்னும் ஆங்கிலேயர் ஓவியம் வரையத் தெரியாதவர். 1833ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுக் கோமோ ஏரிக்கரையில் அமர்ந்து இயற்கைக் காட்சியை வரைய முயன்றார், கை ஒத்துழைக்கவில்லை. அந்தச் சலிப்பே, ஒளியைக் கொண்டு படம் பதிக்கும் வழியைத் தேட அவரைத் தூண்டியது. பின்னர் அவர் வெளியிட்ட ‘இயற்கையின் எழுதுகோல்’ என்னும் நூலில் 1844இல் எடுத்த படம் ஒன்று உண்டு. ஒரு வாயில், திறந்த கதவு, அங்கே சாத்தி வைத்த ஒரு துடைப்பம், பக்கத்தில் தொங்கும் விளக்கு. அவ்வளவே. துடைப்பம் சாய்ந்திருக்கும் அதே சாய்வில் நிழலும் கதவின்மேல் விழுகிறது. வாயிலுக்கு அப்பால் இருள். டால்பட் பெரிய மாளிகைக்கு உரியவர். அம்மாளிகையையும் அவர் படம் எடுத்தார். ஆயினும் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது துடைப்பத்தைத்தான்.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து உழவர் வில்சன் பென்ட்லியின் செய்தி இன்னும் வியப்பானது. நமக்குத் தெருப்புழுதி எப்படியோ, அப்படியே அவ்வூரார்க்குப் பனித்துகள். வாரிக் கொட்ட வேண்டிய தொல்லை. பென்ட்லி நுண்பெருக்கியுடன் காமிராவை இணைத்து, 1885 சனவரி 15ஆம் நாள் தனித்த ஒரு பனிப்படிகத்தைப் படம் பிடித்தார். அப்போது அவருக்கு வயது 19. அறுகோண அமைப்புடைய நுண்ணிய பூ வேலைப்பாடு அதில் தெரிந்தது. உழவுத் தொழிலை விடாமலே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். மூச்சுக்காற்றுப் பட்டாலே உருகிவிடும் பொருளை, குளிர் உறைந்த கொட்டகையில் நின்று எடுத்த படங்கள் அவை. கூலி பெற்றுப் படம் எடுப்பவர் கூலி தருபவரின் விருப்பத்தைப் பார்க்க வேண்டும். பொழுதுபோக்காக எடுப்பவருக்கோ, ஒரு துகளுக்காக நாள் முழுவதும் காத்திருக்கும் செல்வம் இருக்கிறது.

எங்கள் கழகத்தில் 1988ஆம் ஆண்டில் இருந்தது ஒரே ஒரு பெட்டிக் காமிரா. ஒரு சுருளுக்கு 12 படங்கள். மாணவருக்கு ஒரு படம் என்பது ஏற்பாடு. ‘உங்கள் வீட்டிலிருந்து பத்து அடிக்குள் எடுத்து வருக’ என்று சொன்னேன். ஒரு மாணவன் மட்டும் தயங்கி நின்றான். “எங்கள் வீட்டில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை, ஐயா, சமையலறை முழுவதும் கரி” என்றான். தன் வீட்டைப் பிறர் காண்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. நான் வற்புறுத்தவில்லை. வெளிச்சம் எங்கே விழுகிறது என்று மட்டும் இரண்டு நாள் பார்த்து வரச் சொன்னேன்.

ஓட்டு வீடுகளில் கூரை நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதிப்பது வழக்கம். அதன் வழியே வரும் ஒளி, தூய காற்றில் கண்ணுக்குப் புலப்படாது. அடுப்புப் புகை நிறைந்த அறையிலோ, புகைத்துகள்கள் ஒளியைச் சிதறச் செய்வதால், கூரையிலிருந்து தரைவரை ஒரு வெண்தூண் நாட்டினாற்போல் நிற்கும். கரிபடிந்த சுவர் பின்னே இருந்தால் அத்தூண் இன்னும் துலங்கும். அவன் நாணிய கரியும் புகையும் இல்லையேல் அந்தப் படமே இல்லை. காமிராவை முக்காலியின்மேல் அசையாது வைத்து, மூடியைத் திறந்தபடி ஐந்து எண்ணும்வரை விரலை எடுக்காமல் இருந்தான். படத்தில் ஒளித்தூணும், அதன் அடியில் அடுப்பும், அடுப்பை ஊதக் குனிந்த தாயின் தோளும் பதிந்திருந்தன.

இன்று கைப்பேசியில் ஒரு நாளைக்கு நூறு படம் எடுக்கலாம், நானும் எடுக்கிறேன். அதில் குறையில்லை. ஆனால் ஒரே படம் என்ற கட்டுப்பாடு இல்லையேல் அந்த மாணவன் இரண்டு நாள் சமையலறையில் உட்கார்ந்திருப்பானா என்பது ஐயமே. அவ்வீடு பின்னர் இடிக்கப்பட்டுக் காரை வீடாயிற்று. கண்ணாடி ஓடும் போயிற்று.

மாசி மாதத்தில் பள்ளிக் கூடத்தில் படங்களைக் காட்சிக்கு வைத்தோம். அவனுடைய தாயாரும் வந்திருந்தார். தம் அடுப்பங்கரையை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது நாள்தோறும் வருகிற வெளிச்சந்தானே, ஐயா?” என்றார். நான் வாய் திறக்குமுன் மகன் குறுக்கிட்டான்: “நாள்தோறும் இல்லை, அம்மா. தை மாதத்தில் ஒன்பது மணிக்குத்தான் அது அடுப்புக்கு வந்தது. இப்போதே சற்று நகர்ந்துவிட்டது. சித்திரையில் எங்கே விழும் என்று இனித்தான் பார்க்க வேண்டும்.”