ஈரலின் காவல் நொதியங்கள்



ஈரல் பற்றிப் பேசப் பாரிஸ் பொருத்தமான இடம். 1818இல் இந்த நகரத்தில்தான் லூயி ஜாக் தெனார் ஐதரசன் பேரொட்சைட்டைக் கண்டறிந்தார். விலங்குத் திசு பட்டதும் அது சிதைந்து வாயு எழுவதையும் அவர் கவனித்தார். மறு ஆண்டு, சுருங்கிப் பழுப்பேறிய ஈரலுக்கு ரெனே லாயெனெக் 'சிரோசிஸ்' என்று பெயர் வைத்ததும் இங்கேதான். இந்த இரண்டுக்கும் தொடர்புண்டு என்று தெரிய நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

பள்ளி ஆய்வுகூடத்தில் பச்சை ஈரல் துண்டை ஐதரசன் பேரொட்சைட்டில் போட்டுப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். பொங்கிய நுரை, கற்றலேசு நொதியத்தின் வேலை. 1937இல் சம்னரும் டவுன்சும் அதை மாட்டீரலில் இருந்தே பளிங்காகப் பிரித்தார்கள்.

மதுவையும் கொழுப்பையும் மருந்தையும் கையாளும் ஈரலில், ஒட்சிசனில் ஒரு பங்கு சுப்பர் ஒட்சைட்டாகிறது. அதைப் பேரொட்சைட்டாக மாற்றும் டிசுமியூற்றேசை 1969இல் மக்கோர்டும் பிரிடோவிச்சும் இனங்காட்டினார்கள். பேரொட்சைட்டைத் தண்ணீராக்கும் பொறுப்பு கற்றலேசுக்கும் குளுற்றதயோன் பேரொட்சிடேசுக்கும் உரியது. டிசுமியூற்றேசு கூடிப் பின்னவை தளர்ந்தால் பேரொட்சைட்டு தேங்கும். இரும்போடு சேர்ந்தால் கலச்சவ்வின் கொழுப்பையே அரிக்கும் மூலிகங்கள் பிறக்கும். இதைத்தான் ஒட்சியேற்ற அழுத்தம் என்கிறோம். ஆகவே ஒரு நொதியத்தின் அளவை மட்டும் காட்டி ஈரல் தேறியது என்று முடிக்கும் கட்டுரையை என்னால் ஏற்க முடியாது.

செங்கமாரி என்றதும் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்குடன் சேர்ந்து, லான்செட் இதழில் அந்தச் செடி பற்றி எழுதினார்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழ்க்காய்நெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் மேற்பரப்புப் புரதம் இரத்தத்தில் இல்லாமற் போனது. வெறும் குளிகை எடுத்த 23 பேரில் ஒருவருக்கே அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கு இது வருத்தம். ஆனாலும் பாட்டியின் மருந்தை மனிதரிடம், ஒப்பீட்டோடு சோதித்த அந்தத் துணிவை நான் வணங்குகிறேன். எலிக்கு ஈரலைக் கெடுக்கும் காபன் நாற்குளோரைட்டு கொடுத்து, பிறகு இலைச்சாறு கொடுத்து, நொதியம் கூடியது என்று அங்கேயே நின்றுவிடும் கட்டுரைகள் எத்தனை!

பிரான்சில் செய்து 2011இல் வெளியான ஆய்வொன்றையும் நினைவுபடுத்துகிறேன். மதுவால் ஈரல் கடுமையாக வீங்கிய 174 பேர். பிரெட்னிசொலோன் மருந்துடன், குளுற்றதயோன் உருவாக உதவும் அசெற்றைல்சிஸ்ரீனையும் சேர்த்தவர்களில் ஒரு மாதத்துள் இறந்தோர் 8 வீதம்; சேர்க்காதவர்களில் 24 வீதம். ஆறாம் மாதத்தில் அந்த வேறுபாடு உறுதியாக நிற்கவில்லை. சாதகமானதையும் பாதகமானதையும் ஒரே கட்டுரையில் சொன்னார்கள்.

இன்று கட்டுரை வாசிப்போரிடம் ஒரு விண்ணப்பம். எலியா மனிதரா, எத்தனை பேர், எவ்வளவு காலம் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். மருத்துவர்களிடம் இன்னொன்று: உங்களிடம் வரும் எங்கள் சனங்களிடம் என்ன இலை, என்ன குளிகை எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்கும்போது ஏசாதீர்கள், ஏசினால் அடுத்த முறை சொல்லமாட்டார்கள்.