அரத்திலிருந்து ஒரு கத்தி



தச்சுப் பட்டறையிலும் லேத்துக் கடையிலும் பல் மழுங்கிப்போன அரம் ஒன்றாவது மூலையில் கிடக்கும். அதைப் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தேய்ந்தது பல் மட்டும்தான், எஃகு அப்படியேதான் இருக்கிறது. அந்த எஃகில் நல்லதொரு கத்தி செய்யலாம்.

அரத்து எஃகில் கார்பன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் ஏறத்தாழ அதில் பாதிதான். திருப்பாச்சேத்தி அரிவாள் போல ஓங்கி வெட்டும் கருவிக்குப் பட்டைதான் சரி, அடி தாங்கும். காய் நறுக்கும் சிறு கத்திக்குக் கூர் நின்று பேச வேண்டும், அதற்கு அரம்தான்.

எல்லா அரமும் உதவாது. மலிவான சிலவற்றில் மேல்தோல் மட்டுமே கடினம், உள்ளே வெறும் இரும்பு. சாணைச் சக்கரத்தில் தோல் போகும்வரை தேய்த்துப் பாருங்கள். அப்போதும் பொறி மத்தாப்பாகக் கிளைவிட்டு வெடித்தால் நம்பி எடுக்கலாம்.

முதலில் அரத்தைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து, இரவு முழுதும் மெல்ல ஆறவிட வேண்டும். பிறகுதான் ஹாக்சா பிளேடு அதில் இறங்கும். வடிவம் எடுக்கும்போது பழைய பல்வரிகளை முழுதாகத் தேய்த்துவிடுங்கள். மிஞ்சிய வரி ஒவ்வொன்றும் பின்னால் விரிசல் தொடங்கும் இடம். கத்தியின் வாயையும் இப்போதே மெலிதாக்க வேண்டாம், 1 மில்லிமீட்டர் கனமாவது இருக்கட்டும்.

அடுத்தது தோய்ச்சல். ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸில் இரும்பில் காந்தம் ஒட்டாது. அதற்குச் சற்று மேலே போனதும், கத்தியை நேராக, வெதுவெதுப்பான எண்ணெயில் இறக்க வேண்டும். தண்ணீரில் இறக்கினால் வெடித்துப்போகலாம். எண்ணெய் தீப்பிடிக்கும், இரும்புப் பாத்திரமும் மூடியும் கையருகே இருக்கட்டும். கொல்லுப்பட்டறை ஏன் நிழலாகவே இருக்கிறது தெரியுமா? வெயிலில் செந்நிறத்தின் பதம் கண்ணுக்குத் தெரியாது. கருவி எதுவும் இல்லாமல், நிறம் பார்த்தே சூட்டைச் சொல்லும் கொல்லரின் கண்ணை நான் பெரிய கல்வியாகவே மதிக்கிறேன்.

இத்தோடு வேலை முடிந்ததென்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். இப்போது அந்தக் கத்தி கைதவறிக் கீழே விழுந்தாலே ஒடியும்! அடுப்பில், அதாவது மின்சார ஓவனில், 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிடுங்கள். மறுபடியும் ஒருமுறை அப்படியே செய்யுங்கள். மெருகேற்றிய பரப்பில் இளம் வைக்கோல் நிறம் படரும். அதுதான் பதம். சூடு கூடக்கூட அது பழுப்பாகி, ஊதாவாகி, நீலமாகும். நீலம் வரை விட்டால் கூர் சீக்கிரம் மழுங்கிவிடும். ஆகவே கடைசியாகச் சாணை பிடிக்கும்போதும் அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். விரல் பொறுக்காத சூடு கத்திக்கும் ஆகாது.

பிடிக்குப் புளிய மரமோ கருவேலமோ போதும். இந்த எஃகு துருப்பிடிக்கும். எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கினால் உடனே கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள்.